‘லேப்ல நல்லாத்தான் ஓடுச்சு!’ - களத்தில் இறங்கியதும் ரோபோ ஏன் மக்கர் பண்ணுது? | நட்டு போல்ட்டு

இன்ஜினீயரிங் காலேஜ் ரோபோடிக்ஸ் கிளப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடும். ‘லேப்ல நல்லாத்தான் ஓடுச்சு.’

மாசக்கணக்கில் ராத்தூக்கம் தொலைத்துச் செய்த ரோபோ. போட்டியில் ஒரு ஆட்டம் மூன்றே நிமிடம். விசில் அடித்ததும் ரோபோ இரண்டடி போகிறது, அப்படியே நிற்கிறது. அல்லது நேராகப் போக வேண்டியது வட்டம் போடுகிறது. அல்லது யாரும் ரிமோட்டைத் தொடாதபோதே கிளம்பி நடுவரின் காலைத் தேடி வருகிறது. கேலரியில் சிரிப்பு. டீமில் அத்தனை முகமும் ஒரே ஒருத்தன் பக்கம் திரும்புகிறது. புரோகிராம் எழுதியவன். ‘டேய், என்னடா கோட் எழுதி வச்சிருக்க?’

அந்த ஒருத்தனுக்காக (பல டீம்களில் ஒருத்திக்காக) இந்த வார ‘நட்டு போல்ட்டு’. ஏனென்றால், ரோபோவின் கோணங்கிச் சேட்டைகளில் கோடு மேல் விழும் பழியில் பாதி, ஒயர் மேல் விழ வேண்டியது.

சென்னையின் மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு ரோபோ என்பது சினிமா சமாச்சாரம் இல்லை. ஆவடியில் டாங்கி தயாரிக்கும் தொழிற்சாலையும், அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஆள் இல்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் ‘முன்த்ரா’ என்ற கவச வண்டியை 2017-ல் வெளியே காட்டியது இதே நிலையம்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனால், ஜன்னலுக்கு வெளியே வரிசையாக இன்ஜினீயரிங் கல்லூரிகள். ரோபோவுக்கு பிளேட் வெட்ட, ஷாஃப்ட் கடைய அம்பத்தூர் தொழிற்பேட்டை. மோட்டாரும் சென்சாரும் வாங்க சென்ட்ரல் வரை ரயில், அங்கிருந்து ரிச்சி தெரு. இந்தப் பிள்ளைகளிடம் பொருளுக்குப் பஞ்சமில்லை. ரோபோ திடீரென்று முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது என்று சொல்லித்தரத்தான் ஆள் குறைவு.

தூக்கிப் பிடிச்சா சுத்துது, தரையில விட்டா தூங்குது

அதிகம் பேரை அழவைக்கும் கோளாறு இது. ரோபோவைக் கையில் தூக்கிக்கொண்டு ரிமோட்டை அழுத்தினால் நான்கு சக்கரமும் சூப்பராகச் சுற்றுகிறது. தரையில் வைத்து அழுத்தினால் ஒரு உதறல், அப்புறம் அமைதி. இரண்டு வினாடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி உயிர் வருகிறது.

வீட்டில் கிரைண்டர் போட்டால் ஹால் லைட் ஒரு கணம் மங்குகிறது அல்லவா, அதேதான். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும், முன்னே போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று ரிவர்ஸ் அடிக்கும்போதும், சாதாரணமாக இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். பேட்டரி அதைக் கொடுக்கத் திணறும். வோல்ட் சரியும். ஹால் லைட் மங்கினால் பரவாயில்லை, மறுபடி எரியும். ரோபோவின் மூளையாக இருக்கும் அந்தச் சின்ன போர்டுக்கு மங்கலாக எரியத் தெரியாது. ஒரு அளவுக்குக் கீழே வோல்ட் போனால் அது மயங்கி விழுந்து, முதல் வரியிலிருந்து புரோகிராமைத் திரும்பத் தொடங்கும். கையில் தூக்கியபோது சக்கரத்துக்குச் சுமையே இல்லை. அதனால்தான் லேப் டேபிளில் ஸ்டாண்டு மேல் வைத்துப் பார்த்த எல்லா டெஸ்ட்டும் பாஸ்.

இதைக் கண்டுபிடிக்க மல்ட்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். மீட்டர் 11 சொச்சம் வோல்ட் காட்டும். ‘பேட்டரி ஓகேடா.’ ஓகே இல்லை. வோல்ட் சரிவது சில மில்லி செகண்டு. மீட்டர் அவ்வளவு வேகமாகக் கண் சிமிட்டாது. அதைப் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ‘சிஆர்ஓ’ என்ற பெயரில், ரெக்கார்டு நோட்டில் சைன் வேவ் வரைவதற்கு மட்டும் பயன்படும் அதே டப்பாதான். எடுத்து வாருங்கள், லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கெஞ்சியாவது.

அது கிடைக்காவிட்டால் ஒரு ஏழை வைத்தியம் உண்டு. புரோகிராமின் தொடக்கத்தில், ஒரு எல்இடி மூன்று முறை மின்னும்படி எழுதிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் அந்த எல்இடி மறுபடி மூன்று முறை மின்னினால் போர்டு ரீசெட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். வாக்குவாதம் முடிந்தது. கோடில் தேட வேண்டாம், மின்சாரத்தில் தேடலாம். மூளைக்குத் தனி பேட்டரி, மோட்டாருக்குத் தனி பேட்டரி என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. பிரிக்கும்போது இரண்டின் நெகட்டிவ் ஒயரையும் ஒன்றாகச் சேர்க்க மறந்துவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் மூளை சொல்வது மோட்டார் டிரைவருக்கு ஒழுங்காகப் புரியாது. ‘தனித்தனியா வச்சோம், இப்ப இன்னும் மோசமா ஆடுது’ என்று வந்து நிற்பவர்களில் நிறைய பேர் விட்டது அந்த ஒற்றை ஒயரைத்தான்.

சரியாக 33-வது வினாடியில் வரும் பேய்

சரி, கோடு மேலே தப்பே இருக்காதா? இருக்கும். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு ரோபோ. முதல் அரை நிமிடம் கச்சிதம். பந்தை எடுக்கிறது, திரும்புகிறது, போடுகிறது. 33-வது வினாடி வந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி 33-ல் கோளாறு. பேட்டரியை மாற்றினாலும் அதே 33. ஒயர் லூஸாக இருந்தால் இவ்வளவு நேரம் தவறாமல் வருமா? வராது. கடிகாரம் பார்த்து வரும் கோளாறு என்றால் கணக்கில் எங்கோ ஓட்டை.

ஆர்டுயினோ உனோ போன்ற போர்டுகளில் நேரத்தை மில்லி செகண்டில் எண்ணுவார்கள். அந்த எண்ணை ‘இன்ட்’ என்ற சின்ன டப்பாவில் போட்டு வைப்பது பிள்ளைகளின் வழக்கம். அந்த டப்பாவில் 32,767 வரைதான் இடம். 32,767 மில்லி செகண்டு என்றால் சுமார் 32.8 வினாடி. அதற்கு மேல் போனால், பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் 99999 தாண்டி 00000 ஆவதுபோல எண் புரண்டு மைனஸுக்குப் போய்விடும். பாவம் ரோபோ, ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நிற்கும். லேபில் ஒவ்வொரு வேலையையும் இருபது இருபது வினாடியாகத் துண்டு துண்டாகச் சோதித்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ‘இன்ட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘அன்சைன்ட் லாங்’ என்று போட்டால் தீர்ந்தது. அந்த டப்பா நிரம்ப சுமார் 50 நாள் ஆகும்.

கல்லூரிப் பிள்ளைகளைக் கிண்டல் செய்ய வேண்டாம். 1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாவின் ‘ஏரியான் 5’ ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் வானத்தில் சிதறியது. காரணம், இதே அளவுள்ள டப்பாவில் அடங்காத ஒரு எண்ணை அதில் திணித்ததுதான். ‘ஏரியான் 4’-ல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அப்படியே புது ராக்கெட்டுக்கும் எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகம் வேறு. ‘பழைய ராக்கெட்ல நல்லாத்தான் ஓடுச்சு.’

மேடையும் மண்டபமும் செய்யும் சதி

லேபுக்கும் களத்துக்கும் என்ன வித்தியாசம்? முதலில் வெளிச்சம். கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் லைன் ஃபாலோயர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் வழி பார்க்கிறது. லேபில் எல்இடி ட்யூப்லைட். அதில் அகச்சிவப்பு ரொம்பக் குறைவு. ஆடிட்டோரியம் மேடையில் பழைய ஃபோகஸ் லைட் இருந்தால், அல்லது ஜன்னல் வழியாக மூன்று மணி வெயில் தரையில் விழுந்தால், அகச்சிவப்பு கொட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ட்யூன் செய்த ரோபோ பகலில் கண் கூசித் தடுமாறும். சென்சாருக்கு ஒரு சின்னக் கறுப்பு அட்டையில் பாவாடை கட்டிவிட்டு, போட்டி நடக்கும் இடத்திலேயே கறுப்பும் வெள்ளையும் எவ்வளவு என்று அளந்து பதிய வைப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது காற்று. ப்ளூடூத்தும் பெரும்பாலான வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே தெருவில்தான் நடமாடுகின்றன. லேபில் எட்டு போன். மண்டபத்தில் எண்ணூறு போன், பாதிப் பேர் ஹாட்ஸ்பாட் வேறு. கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்கிற மாதிரி, ரிமோட் கத்துவது ரோபோவின் காதில் விழாது.

அதைவிட ஆபத்து, கடைசியாக விழுந்தது ‘முன்னே போ’ என்ற கட்டளையாக இருந்துவிட்டால் அடுத்த கட்டளை வரும்வரை அது போய்க்கொண்டே இருக்கும். நடுவர் காலைத் தேடி வந்த ரோபோவின் ரகசியம் இதுதான். ‘அரை வினாடி புதுக் கட்டளை வராவிட்டால் எல்லா மோட்டாரையும் நிறுத்து’ என்று புரோகிராமில் எழுதுவது ஐந்து நிமிட வேலை. இதை எழுதாத ரோபோவை மனிதர்கள் இருக்கும் இடத்தில் ஓடவிடவே கூடாது என்பது என் கட்சி. அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனும் அழகுக்கு வைத்ததல்ல.

கையை அருகில் கொண்டுபோனால் மட்டும் ரோபோ துள்ளுகிறதா? சுவிட்ச் எங்கோ அந்தரத்தில் தொங்குகிறது. போர்டின் ஒரு காலில் சுவிட்சை மட்டும் மாட்டிவிட்டு, சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்தக் காலைப் பிடித்து வைக்க ஒரு ரெசிஸ்டர் போடாமல் விட்டால், அது தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி. காற்று அடித்தாலும் ஆடும், பக்கத்து மோட்டார் ஓடினாலும் ஆடும், உங்கள் விரல் நெருங்கினாலும் ஆடும்.

காற்றில் சிக்னல் தொலைவதைப் பற்றிப் பேசும்போது ஒரு பெரிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக ‘ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பு நடத்தும் ரோபோ போட்டி உலகப் பிரசித்தம். 2012 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் அதன் இறுதிச் சுற்று. ‘ஐன்ஸ்டைன்’ என்று பெயர் வைத்த களத்தில், வருஷம் முழுக்க உழைத்து வந்த 12 டீம்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஏதோ ஒரு ரோபோ கட்டளைக்கு அசையாமல் நின்றது. அரங்கமே கொதித்துப்போனது.

‘விதி’ என்று சொல்லி அமைப்பு விட்டுவிடவில்லை. அந்த டீம்களை ரோபோக்களுடன் திரும்ப வரவழைத்துச் சோதித்தார்கள். ஜூலையில் நீண்ட அறிக்கை வெளியானது. களத்தின் ஓரம் இருந்த ஒருவர் தன் போனிலிருந்து ரோபோக்களின் வைஃபைக்குள் நுழைய முயன்றிருக்கிறார். பாஸ்வேர்டு தப்பு, நுழைய முடியவில்லை. ஆனால் தப்பான முயற்சியே ரோபோவுக்கும் அதை ஓட்டுபவருக்கும் இருந்த இணைப்பைத் துண்டிக்கப் போதுமானதாக இருந்தது.

‘பாத்தியா, யாரோ சதி பண்ணிருக்காங்க’ என்று இதைக் கேட்டதும் எல்லா டீமுக்கும் சந்தோஷமாக இருக்கும். பொறுங்கள். அதே அறிக்கை, சில ரோபோக்களில் அவற்றின் சொந்தக் கோளாறுகளும் இருந்ததைச் சொன்னது. ஒருவர் மாட்டியதும் ஃபைலை மூடியிருந்தால் அவை வெளியே வந்தே இருக்காது. ஒரே நாளில், ஒரே களத்தில், ஒரே மாதிரித் தெரியும் கோளாறுக்கு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். ரோபோ ரிப்பேரில் மனசு ஒப்புக்கொள்ளாத விஷயம் இதுதான்.

பார்த்த புதரையெல்லாம் மறக்காத வண்டி

2005 அக்டோபர் 8. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ‘தார்பா’, மொஹாவி பாலைவனத்தில் ஒரு பந்தயம் வைத்தது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள், 212 கிலோமீட்டர், பரிசு 20 லட்சம் டாலர். இறுதிப் பந்தயத்துக்குத் தேறியவை 23 வண்டிகள். அதில் ஒன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இளங்கலை மாணவர்களுடையது. மற்ற டீம்கள் கூரை நிறைய விலை உயர்ந்த லேசர் கருவிகளைக் கட்டி வந்தபோது, இவர்கள் இரட்டைக் கண் கேமராவை நம்பி ஒரு பிக்-அப் வண்டியைக் கொண்டு வந்தார்கள்.

சோதனை ஓட்டங்களிலேயே ஒரு விநோதம். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். நேரம் ஆக ஆக மந்தமாகும். கோடை எத்தனை முறை புரட்டினாலும் தப்பு தெரியவில்லை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். பந்தய நாளும் வந்தது. பத்து மைல் தூரத்திலேயே வண்டியின் ஆட்டம் முடிந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு காரணம் கிடைத்தது. வழியில் பார்த்த ஒவ்வொரு தடங்கலையும், அதாவது ஒவ்வொரு புதரையும் கல்லையும், வண்டி ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். தாண்டிப் போனதும் பட்டியலிலிருந்து அடித்துவிடும். மாணவர்கள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் புரோகிராமின் இன்னொரு மூலையில், அந்தப் புதர்களுக்கெல்லாம் ‘தகவல் வந்தால் எனக்கும் சொல்லு’ என்ற ஒரு பதிவு இருந்தது. அதை ரத்து செய்ய மறந்துவிட்டார்கள். அதனால் எந்தப் புதரும் நினைவிலிருந்து போகவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு கவருக்குள் நூறு கவர் இருக்கும் கதை. ஒருநாள் அலமாரிக் கதவு மூடாது. சரிசெய்யத் தேவைப்பட்டது ஏறக்குறைய ஒரே ஒரு வரி. அதன்பின் வண்டியைத் திரும்பப் பாலைவனத்துக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்தார்கள். பரிசு இல்லை, கூட்டம் இல்லை. ஓடியது.

பந்தயம் முடிந்த பிறகும் தேடினார்களே, அதைத்தான் நான் கவனித்தேன். நம் ஊரில் போட்டி முடிந்த மறுநாள் மோட்டாரைக் கழற்றி அடுத்த ப்ராஜெக்ட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். ஏன் தோற்றோம் என்பது யாருக்கும் தெரியாமலேயே குப்பைக்குப் போகிறது.

தீர்வு பக்கத்துத் தெருவில் இருக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு பட்டறைக்குள் போய், ஓடிக்கொண்டிருக்கும் சிஎன்சி மெஷினின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். (மெயின்டனன்ஸ் அண்ணன் நல்ல மூடில் இருக்கும்போது கேளுங்கள்.) உள்ளே ஒவ்வொரு ஒயர் நுனியிலும் எண் அச்சடித்த ஒரு சின்ன வளையம். ‘ஃபெரூல்’ என்பார்கள். 17 என்று ஒரு முனையில் இருந்தால் மறுமுனையிலும் 17. மோட்டாருக்குப் போகும் தடி ஒயர் ஒரு பக்கம், சென்சாரிலிருந்து வரும் மெல்லிய ஒயர் மறு பக்கம். இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடாது. சென்சார் ஒயருக்கு மேலே வலை போர்த்தி, அந்த வலையை எர்த்தில் சேர்த்திருப்பார்கள். மோட்டாரின் மின் இரைச்சல் சென்சாருக்குள் நுழைந்தால் மெஷின் தப்பாக எண்ணும், லட்ச ரூபாய் ஜாப் வீணாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது நம் காலேஜ் ரோபோவைத் திறந்து பாருங்கள். இடியாப்பம். அதுவும் எல்லாம் சிவப்பு ஒயர், அன்றைக்குக் கடையில் அந்தக் கலர்தான் இருந்தது. மோட்டார் ஒயரும் சென்சார் ஒயரும் கயிறுபோல முறுக்கி, ‘நீட்டா இருக்கட்டும்’ என்று டேக் போட்டுக் கட்டியிருக்கும். என்கோடர் சக்கரம் சுற்றாமலே எண்ணிக்கை ஏறுகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டுமா?

இன்னொரு பட்டறைப் பாடம். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் கனெக்டரில் ஒயர் நுனிக்கு ஈயம் வைத்து மாட்டுவது பிள்ளைகளுக்குப் பழக்கம், பார்க்கப் பளபளவென்று இருக்கும். பேனல் வேலை தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஈயம் மெதுவாக அமுங்கிக்கொடுக்கும், இரண்டு வாரத்தில் ஸ்க்ரூ லூஸாகும். வேனில் ரோபோவை ஏற்றி, பைபாஸ் பள்ளங்களில் குலுங்கிக்கொண்டு போட்டிக்குப் போய்ச் சேரும்போது லேபில் உறுதியாக இருந்த ஒயர் பாதி வெளியே. அவர்கள் நுனியில் ஒரு உலோகக் குழலை வைத்து அதற்கான கருவியால் அமுக்குவார்கள். அந்தக் கருவி எஸ்டேட்டில் எந்த எலெக்ட்ரீஷியனிடமும் இருக்கும்.

ரோபோடிக்ஸ் வொர்க்‌ஷாப் என்று போஸ்டர் ஒட்டி ஐநூறு ரூபாய் வாங்கும் கிளப்புகள், ஒருமுறையாவது ஒரு பேனல் ஒயரிங் அண்ணனை மேடையேற்றலாம். பவர் பாயின்ட் இருக்காது. உருப்படியாக இருக்கும்.

12 வருஷம் கழித்து மாட்டிய குற்றவாளி

அதே 2005 பாலைவனப் பந்தயத்துக்குத் திரும்பிப் போவோம். ஜெயிக்கும் என்று பலரும் எதிர்பார்த்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஹைலேண்டர்’ என்ற ஹம்மர் வண்டியை. முதலாவதாகக் கிளம்பியது. நடுவழியில் இன்ஜின் இழுவை குறைந்தது. மேட்டில் ஏறத் திணறியது. கடைசியில் ஸ்டான்ஃபோர்டின் ‘ஸ்டான்லி’ 6 மணி 54 நிமிடத்தில் முடித்துப் பரிசைத் தட்டிச் சென்றது. கார்னகி மெலனின் இன்னொரு வண்டி ‘சாண்ட்ஸ்டார்ம்’ 11 நிமிடம் பின்னால், ‘ஹைலேண்டர்’ 20 நிமிடம் பின்னால்.

இன்ஜின் ஏன் படுத்தது என்று அப்போது யாருக்கும் புலப்படவில்லை. எத்தனை விதமாக யோசித்திருப்பார்கள்! வேகத்தைத் தப்பாகத் திட்டமிட்டோமா, மென்பொருளா, பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு சோதனையில் வண்டி உருண்டு கவிழ்ந்ததே, அதனாலா?

2017-ல் பழைய டீம் ஒன்றுகூடியது. அந்த வண்டியும் வந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, யாரோ எதேச்சையாக ஒரு சின்னப் பெட்டி மேல் சாய்ந்தார்கள். இன்ஜின் உடனே தொய்ந்தது. கையை எடுத்தால் சரியானது. அந்தப் பெட்டி, இன்ஜினின் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் எரிபொருள் இன்ஜெக்டர்களுக்கும் நடுவே இருந்த ஒரு மின் ஃபில்டர். அதற்குள் இணைப்பு சரியில்லை. 12 வருஷம். லேசர், ஜிபிஎஸ், கம்ப்யூட்டர் எல்லாம் குற்றமற்றவை. அந்த டீமில் இருந்தவர்கள் பின்னாளில் கூகுளின் டிரைவர் இல்லா கார் திட்டம் வரை போனவர்கள். அத்தனை அறிவாளிகளுக்கும் அன்று தேவைப்பட்டது, இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் பிடித்து ஆட்டிப் பார்க்கும் ஒரு மெக்கானிக்கின் கை.

பட்டறையில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது. ‘ஆட்டிப் பாரு’ என்பார்கள், அவ்வளவுதான். ரோபோவை ஓடவிட்டு, பிளாஸ்டிக் பேனாவால் ஒவ்வொரு கனெக்டரையும் மெதுவாகத் தட்டுங்கள். எந்த இடத்தில் தட்டும்போது துடிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது ஒரு ஒழுங்கு மட்டும் தேவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போட்டிக்கு முந்தின ராத்திரி ஒருத்தன் பேட்டரியை மாற்றுவான், இன்னொருத்தி கோடில் வேகத்தைக் குறைப்பாள், மூன்றாமவன் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒயரை மாற்றுவான். ரோபோ ஓடிவிடும். எதனால் ஓடியது? தெரியாது. காலையில் மறுபடி நின்றால் எங்கே போவது? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். என்ன நடந்தது, எத்தனையாவது வினாடியில், பேட்டரி எவ்வளவு, எதை மாற்றினோம், அப்புறம் என்ன ஆனது. கூடவே ஒவ்வொரு ஓட்டத்தையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ‘லெஃப்ட்ல திரும்பும்போதுதான் நிக்குது’ என்பது மூன்றாவது முறை வீடியோ பார்க்கும்போதுதான் கண்ணில் படும். அப்போது கோடு எழுதியவனை நோக்கிய விரலும் கொஞ்சம் இறங்கும்.

பேராசிரியர்கள் யாராவது படித்தால் ஒரு விண்ணப்பம். ஜெயித்த டீமின் கோப்பையை நோட்டீஸ் போர்டு பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறீர்கள். தோற்ற டீம் ‘எங்கள் ரோபோ ஏன் நின்றது’ என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தால் அதற்கும் இன்டர்னல் மார்க் கொடுங்கள். அடுத்த வருஷம் ஜூனியர்கள் முதலில் அதைத்தான் தேடிப் படிப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. மகனோ மகளோ போட்டியில் தோற்று வந்து, ரோபோவை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டால், ரோபோவுக்குள் இருக்கும் பேட்டரியைக் கழற்றியாயிற்றா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அது லித்தியம் பாலிமர். அப்பளம்போல உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போட விடாதீர்கள். நன்றாக இருந்தாலும் ராத்திரி கட்டில் ஓரம் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். ஆள் விழித்திருக்கும்போது, சிமென்ட் தரையில், துணி மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் போடச் சொல்லுங்கள். எப்படித் தோற்றாய் என்ற விசாரணையைக் காலை டிபனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.